வாடகைக்கு விடாத வீடுகள்

"பிள்ளை, உங்கட வீட்டை வாடகைக்கு விட்டால் மாதம் என்ன வரும்?"

இராசநாயகம் ஐயா என்னிடம் முதன்முதலில் கேட்டது இதைத்தான். பெயர் கேட்கவில்லை. எத்தனையாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டாய் என்றும் கேட்கவில்லை. ஊர்ச்சபைக் கந்தோர் விறாந்தையில் கதிரையில் இருந்தபடி மூக்குக்கண்ணாடிக்கு மேலால் பார்த்துக் கேட்டார். எனக்கு முகம் சுட்டது. நான் நிலத்தைப் பார்த்தேன். பக்கத்தில் நின்ற சரவணமுத்து அண்ணைதான் அவசரமாக மறுமொழி சொன்னார்.

"ஐயா, உந்தக் கேள்வியை இந்தப் பிள்ளையிட்டைக் கேட்டது காணும். வெளியிலை போய்க் கேட்டிடாதேங்கோ. இஞ்சை வீடு வாடகைக்கு விடுறதெண்டால் அந்தக் குடும்பம் முடிஞ்சுது எண்டு அர்த்தம்."

"அப்ப வெறும் வீடுகளை என்ன செய்யிறவை?"

"சும்மா குடுக்கிறவை. ஆரும் இல்லாத சனம் வந்திருந்து கூட்டி, விளக்கு வைக்கும். காசு வாங்கிறேல்லை. வாங்கினால் பிறகு அந்த வீட்டுப் பெட்டையைக் கேட்டு ஆர் வருவான்?"

ஐயா பேனையை மூடி வைத்தார். "சரவணமுத்து, சோலைவரி போடுறதே வாடகையை வச்சுத்தான். ஒரு வீட்டுக்கு வருசத்துக்கு என்ன வாடகை வருமோ அதிலை இத்தினை வீதம். வாடகையே இல்லாத ஊரிலை இவ்வளவு காலமும் எதை வச்சு வரி போட்டனீங்கள்?"

சரவணமுத்து அண்ணை பிடரியைச் சொறிந்தார். "ஒரு குத்துமதிப்புத்தான் ஐயா."

அது எண்பத்து நாலாம் ஆண்டு தை மாதம். எங்கள் பக்கத்தில் எங்கே கிணறு வெட்டினாலும் உவர்த்தண்ணீர். குடிதண்ணீர் மாட்டுவண்டிலில் பீப்பாவில் வரும். வராத நாளும் உண்டு. கந்தோர் தண்ணீர் ஏற்றுகிற லொறி, பவுசர் ஒன்று வாங்கக் கடன் கேட்டு எழுதியது. கடன் தருகிறவர்கள், வரி ஒழுங்காக வருகிறதா, இனி ஐந்து வருடத்துக்கு எவ்வளவு வரும், இதை வெளியாள் ஒருவரைக் கொண்டு கணக்குப் பார்த்து அனுப்புங்கள் என்று பதில் போட்டார்கள். அப்படி வந்தவர்தான் இராசநாயகம் ஐயா. சொந்த ஊர் புளியங்கூடல். கொழும்பில் அரசாங்கக் கணக்குகளைப் பரிசோதித்து இளைப்பாறி, அங்கேயே வீடும் வாசலுமாக இருந்தவர். ஆடிக் கலவரத்தோடு எல்லாவற்றையும் விட்டுவிட்டு வந்தார். கடிதத்தில் அவருக்கு 'வருமான ஆலோசகர்' என்று பட்டம். சனங்கள் ஓடிற்றர் ஐயா என்றார்கள். தேத்தண்ணீர்க் கடை வாங்கில் குந்தியிருந்தவர்கள் அந்தக் கடிதத்தைப் பற்றிக் கேள்விப்பட்டுச் சிரித்தார்களாம்.

"ஆலோசனை சொல்ல ஒரு ஆளுக்குச் சம்பளமாம். நாங்கள் விடியத் துவங்கி இதிலை இருந்து சும்மாதானே சொல்லுறம். ஒருத்தரும் எழுதி எடுக்கிறாங்களில்லை."

என்னை அவரோடு போகச் சொன்னது சரவணமுத்து அண்ணை. அவர் கந்தோருக்குப் பொறுப்பு, எங்களுக்குத் தூரத்து உறவு. பாதி வீடுகளில் ஆம்பிளைகள் இல்லை. பொம்பிளைகள் மட்டும் இருக்கிற வளவுக்குள் அளவு நாடாவோடு ஒரு புது மனிதர் போய் நிற்க ஏலாது. ஒரு பெட்டை கூட நின்றால் படலையைத் திறப்பார்கள். நான் பள்ளிக்கூடத்தை விட்டு வீட்டோடு இருந்தேன். ஆட்களோடு கதைக்க எனக்கு வாய் வராது. கதைக்கத் தேவையில்லை, நாடாவின் நுனியைப் பிடித்து, ஐயா சொல்லுகிறதை எழுதினால் போதும் என்றார் அண்ணை. அம்மா உடனே ஓம்பட்டார். அதோடு, ஐயாவுக்கு மத்தியானச் சாப்பாடு எங்கள் வீட்டில் என்றும் சொல்லிவிட்டார். கந்தோருக்குப் பக்கத்தில் சைவக் கடை இல்லை. அதனால் சரவணமுத்து அண்ணைக்கும் அது சுகமாகப் போய்விட்டது. அம்மா ஏன் அவ்வளவு விரைவாகச் சொன்னார் என்று எனக்குத் தெரியும். அக்காவுக்காகத்தான்.

ஐயா காலை பஸ்ஸில் வருவார். பெரிய குடை, தோல் பை, தைத்துத் தைத்துப் போட்ட செருப்பு. அந்த வாடகைக் கேள்வியை விடச் சொல்லியும் அவர் விடவில்லை. சட்டத்தில் அப்படித்தான் இருக்கிறது, கேட்டுத்தான் எழுதவேண்டும் என்றார். நாலாவது வளவோ ஐந்தாவது வளவோ, இரஞ்சிதம் மாமி வீடு. மாமியின் மனிசன் குருநாகலில் கடை வைத்திருந்தவர். மாமி முற்றத்தில் நின்று புளி குத்திக்கொண்டிருந்தார்.

"வாடகையோ?" மாமி உலக்கையை நிறுத்தினார். "நாங்கள் இன்னும் சாகேல்லை ஐயா."

"விடச் சொல்லேல்லை அம்மா. விட்டால் எண்டு ஒரு கதைக்கு."

"கதைக்கும் விடமாட்டம்."

"சரி. அப்ப..."

"ஐயாவுக்குப் புளியங்கூடலிலை தாய்வீடு கிடக்குத்தானே. கொழும்பிலை இருந்த இவ்வளவு காலமும் அதை என்ன வாடகைக்கு விட்டிருந்தனீங்கள்?"

 ஐயா சிரித்தார். அவர் சிரித்ததை அன்றைக்குத்தான் கண்டேன். "விடேல்லை."

"பின்னை?" என்று மாமி மறுபடி உலக்கையை எடுத்தார்.

படலைக்கு வெளியே வந்ததும் ஐயா என்னிடம், "எழுதும் பிள்ளை, கல்வீடு, ஓடு, மூண்டு அறை. வாடகை எண்ட இடத்தை வெறுமனே விடும்," என்றார். அன்றிலிருந்து அந்த இடம் எல்லா வீட்டுக்கும் வெறுமையாகவே இருந்தது. சுவரையும் கூரையையும் பார்த்து அவரே ஒரு மதிப்புப் போட்டார்.

இரண்டாம் கிழமை வேறொரு விதமான வீடுகள் வந்தன. அங்கே பொம்பிளைகள் எங்களுக்காகப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். கதிரை போட்டு, எலுமிச்சம்பழத் தண்ணீர் தந்தார்கள். நாடாவைச் சுருட்டும்போது பக்கத்தில் வந்து மெதுவாகச் சொன்னார்கள்.

"ஐயா, கொஞ்சம் கூட்டிப் போடுங்கோ."

"எதை அம்மா?"

"மதிப்பைத்தான்."

"மதிப்புக் கூடினால் வரியும் கூடும். விளங்குதோ?"

"அது பறவாயில்லை. ஒரு வருசம், ரெண்டு வருசம். பிறகு குறைக்கச் சொல்லி எழுதலாந்தானே."

 ஐயா கந்தோருக்குத் திரும்பி வந்து பழைய வரி இடாப்புகளை மேசையில் இறக்கினார். எந்தெந்த வீட்டுக்கு எந்த வருடம் மதிப்பு ஏறியிருக்கிறது என்று விரலால் தடவிக்கொண்டு போனார். ஒரு வீட்டில் விரலை நிறுத்தினார்.

"சரவணமுத்து, இஞ்சை வா. இது எழுபத்தாறிலை ரெண்டு மடங்காய் ஏறியிருக்கு. எழுபத்தெட்டிலை திரும்ப இறங்கியிருக்கு. இடையிலை என்ன, வீடு இடிஞ்சுதோ?"

சரவணமுத்து அண்ணை எட்டிப் பார்த்தார். "இல்லை ஐயா. எழுபத்தாறிலை அந்த வீட்டு மூத்தவளின்ரை கலியாண எழுத்து."

"இது?"

"அது ரெண்டாவது பெட்டை."

"இது?"

"அது... அவையளுக்கு ஒரே ஒரு பெட்டைதான். ஆனால் ரெண்டுதரம் பேச்சு நடந்தது."

ஐயா கண்ணாடியைக் கழற்றி முகத்தைத் துடைத்தார். கண் சிவந்திருந்தது. "நாப்பது வருசமாய்க் கணக்குப் பார்த்திருக்கிறன். வரியைக் குறைக்கக் கள்ளம் செய்த ஆக்களைத்தான் கண்டனான். கூட்டச் சொல்லிக் கள்ளம் செய்யிற ஊரை இப்பதான் காணுறன்."

"கள்ளம் எண்டு சொல்லேலாது ஐயா. மாப்பிள்ளை பகுதி சீதன வீட்டுக்குள்ளை வந்து அறை அறையாய்ப் பார்க்கமாட்டினம். அது மரியாதையில்லை. இஞ்சை வந்து இடாப்பைப் பார்த்திட்டுப் போவினம். அதுக்குத்தான்."

அடுத்த நாள் தொடக்கம் ஐயா இன்னொரு கேள்வியும் கேட்டார். இந்த வீட்டில் கலியாணம் ஆகாத பெட்டைகள் எத்தனை பேர்? ஐந்து வருடத்துக்கு வரி எப்படிப் போகும் என்று கணக்குப் போட அது இல்லாமல் ஏலாது என்று எனக்கு விளங்கப்படுத்தினார். சனங்களுக்கு அது விளங்கவில்லை. கந்தோர் ஒரு கலியாணப் புறோக்கரைப் பிடித்திருக்கிறது, அவர் வரி என்ற சாட்டில் வீடு வீடாகப் போகிறார் என்று கதை மடத்துவெளி வரைக்கும் போனது. ஒரு வளவில் ஒரு தாய் மகளின் சாதகக் குறிப்பையே கொண்டுவந்து ஐயாவின் கையில் வைத்தார். ஐயா அதை வாங்கி, விரித்து, ஒரு நிமிடம் படித்துவிட்டு, "நல்ல சாதகம்," என்று திருப்பிக் கொடுத்தார். வெளியே வந்தபின், "நான் என்ன செய்ய, பிள்ளை," என்றார்.

எங்கள் வீடு இறுப்பிட்டியில். முன்பக்கம் ஒரு மண்டபமும் ஒரு அறையும், ஓடு போட்டது. குசினி தனியாக. மண்டபத்தின் பின்சுவரில் ஒரு இரட்டைக் கதவு. நல்ல முதிரைக் கதவு, பித்தளைப் பூட்டு. அந்தக் கதவுக்கு அங்கால் இரண்டு பெரிய அறையும் ஒரு சின்ன அறையும். அவை அக்காவுக்கென்று கட்டியவை. சுவர் முழு உயரத்துக்கும் எழும்பி, நிலத்துக்குச் சீமெந்தும் போட்டாகிவிட்டது. கூரை இல்லை. அப்பாவுக்கு இரத்தினபுரியில் கடை. முந்தின வருடம் ஆவணியில் ஓடும் மரமும் எடுக்கிறதாக இருந்தது. ஆடியில் கடையை எரித்துவிட்டார்கள். அப்பா கப்பலில் வந்து காங்கேசன்துறையில் இறங்கி, யாரோ உடுக்கக் கொடுத்த சாரத்தோடு வீட்டுக்கு வந்தார். வந்தவர் முன் விறாந்தையில் சாய்மனைக் கதிரையில் இருந்தார். இருக்கிறார். சாப்பிடக் கூப்பிட்டால் வருவார். கதை குறைவு.

அம்மா இரட்டைக் கதவைப் பூட்டித் திறப்பை இடுப்பில் செருகிக்கொண்டார். பின்பக்க வேலியைப் புது ஓலையால் உயர்த்தி அடைத்தார். ஒழுங்கையில் போகிறவர்களுக்குச் சுவர் மட்டும் தெரியும். நல்ல சுவர்.

அக்காவின் பெயர் மீனலோசனி. இருபத்தொன்பது முடியப் போகிறது. மடத்துவெளித் தில்லைநாதன் வீட்டிலிருந்து கார்த்திகையில் கேட்டு வந்தார்கள். அக்காவை அவருக்குப் பிடித்திருந்தது. தில்லைநாதன் அத்தான் ஒருநாள் சைக்கிளில் வந்து அப்பாவோடு இருந்துவிட்டுப் போனார். அப்பா அன்றைக்கு அவரோடு நாலு வார்த்தை கதைத்தார். அது அக்காவுக்குப் போதும். அதன்பின் அக்கா குசினிக்குள் பாடத் தொடங்கினார், தனக்கே தெரியாமல்.

அத்தானின் தாய்மாமன் ஆழ்வாப்பிள்ளைதான் பேச்சு நடத்துகிறவர். வெள்ளை வேட்டி, வெள்ளைக் குடை, மரியாதையான மனிதர். கார்த்திகையிலேயே சொல்லிவிட்டார்.

"தங்கச்சி, நாங்கள் வீட்டைத் திறந்து காட்டச் சொல்லமாட்டம். அது எங்கட வழக்கமில்லை. ஓடிற்றர் வந்து புதிசாய் மதிக்கப்போறாராம். கந்தோரிலை அவர் என்ன எழுதுறாரோ அதைப் பார்த்துச் சித்திரைக்குப் பிறகு எழுத்தை வைப்பம்."

அதனால்தான் அம்மா ஐயாவுக்குச் சமைத்தார். கத்தரிக்காய்ப் பால்கறி, முருங்கைக்காய், பொரித்த மோர்மிளகாய், தேங்காய்ப்பூச் சம்பல், கடைசியில் சொதி. எங்களுக்குச் சோறும் சொதியும்தான். சாப்பிட்டு முடிய ஐயா பின்பக்கக் கிணற்றடியில் கை கழுவுவார். கிணற்றடியில் நின்று நிமிர்ந்தால் பின்னறைகளின் யன்னல் துவாரங்கள் தெரியும். அவற்றுக்குள்ளால் வானம் தெரியும். ஐயா ஒவ்வொரு நாளும் அங்கே நின்று, துவாயால் கையைத் துடைத்து, வாயைத் துடைத்து, உள்ளே வந்து, "நல்ல சாப்பாடு தங்கச்சி," என்பார். வேறொன்றும் கேட்கமாட்டார்.

ஒருநாள் அம்மா பரிமாறியபடி கேட்டார்.

"ஐயாவுக்குப் பெண் சகோதரங்கள் இருக்கோ?"

"மூண்டு பேர்."

"எல்லாரும் செய்தாச்சோ?"

"ஓம். மூண்டு வீடு கட்டி முடிச்சுப்போட்டுத்தான் நான் கலியாணம் கட்டினனான். அப்ப எனக்குத் தலை நரைச்சிட்டுது."

அம்மா அகப்பையைப் பிடித்துக்கொண்டு நின்றார். "எங்களுக்கு ஆம்பிளைப் பிள்ளை இல்லை ஐயா," என்றார். அவ்வளவுதான் சொன்னார். கூட்டிப் போடுங்கோ என்று மற்றப் பொம்பிளைகள் கேட்டதுபோல அம்மா வாய் திறந்து கேட்கவே இல்லை.

மாசி நடுவில் ஐயாவின் கணக்கு ஓரளவு முடிந்தது. கந்தோர் விறாந்தையில் சரவணமுத்து அண்ணை அவருக்கு முன்னால் குந்தினார். நான் மூலையில் இருந்து நல்ல பிரதி எழுதிக்கொண்டிருந்தேன்.

"என்ன ஐயா, அஞ்சு வருசத்துக்கு எப்பிடி?"

"இந்த வருசமும் வாற வருசமும் ஏறும். கலியாணத்துக்குப் பெட்டைகள் கனபேர் நிக்கினம். பிறகு விழும்."

"ஏன்?"

"மாப்பிள்ளைமார் இனி வீடு கேட்கமாட்டாங்கள். நாங்கள் போன வீடுகளிலை எத்தினை பேர் ஜேர்மனி, பிரான்ஸ் எண்டு சொன்னவை? கட்டிப்போட்டுப் பெட்டையையும் கூப்பிடுவாங்கள். வீடு நிக்கும். வரியை ஆர் வந்து கட்டுவான்?"

"அப்பிடி எழுதினால் பவுசர் வராது ஐயா."

"தெரியும்."

"கொஞ்சம் ஏத்திப் போடேலாதோ? ஆருக்குத் தெரியப்போகுது?"

"சரவணமுத்து, ஏத்திப் போட்டவங்களைப் பிடிச்சுத்தான் நான் இவ்வளவு காலமும் சம்பளம் வாங்கினனான்." கோபமாகச் சொல்லவில்லை. களைத்துப்போய்ச் சொன்னார். "பவுசர் வராது. நீங்கள் மாட்டுவண்டிலையே வச்சிருங்கோ."

சரவணமுத்து அண்ணை எழும்பிப்போய்ச் சுவரோரம் நின்று சுருட்டுப் பற்றவைத்தார். ஒரு மாதமாக எல்லோரிடமும் பவுசர் வருகிறது என்று சொல்லிக்கொண்டு திரிந்தவர்.

மிச்சமிருந்தது எங்கள் வீடு ஒன்றுதான். சாப்பிட வருகிற வீடுதானே, எப்போதும் அளக்கலாம் என்று ஐயா அதைத் தள்ளிக்கொண்டே வந்தார். அன்றைக்கு அளந்தோம். நான் நாடாவின் நுனியைப் பிடித்தேன். விறாந்தையை அளக்கும்போது அப்பா காலைத் தூக்கிக் கதிரைச் சட்டத்தில் வைத்தார், நாடா போகட்டும் என்று. மண்டபத்தை அளந்து பின்சுவருக்கு வந்தோம். அம்மா இரட்டைக் கதவுக்கு முன்னால் நின்றார்.

"இதுக்கு அங்காலை?" என்றார் ஐயா.

"மூண்டு அறை," என்றார் அம்மா. "திறப்பு..."

அம்மாவின் கை இடுப்புக்குப் போய் நின்றது. எடுக்கவுமில்லை. குசினியில் அக்கா பாத்திரம் கழுவுகிற சத்தம் நின்றுவிட்டது.

ஐயா கதவைப் பார்த்தார். அம்மாவைப் பார்க்கவில்லை. "பரவாயில்லை தங்கச்சி. வெளியாலை அளந்தால் காணும்," என்றார். வெளியால் அளந்தோம். ஐயா ஒருதரமும் நிமிர்ந்து மேலே பார்க்கவில்லை. சுவரை மட்டும் பார்த்தபடி சுற்றி வந்தார். பிறகு விறாந்தைப் படியில் இருந்துகொண்டு சொன்னார்.

"எழுதும் பிள்ளை. கல்வீடு. ஓடு. நாலு அறை."

எழுதினேன்.

"முடிஞ்ச வீடு."

நான் பேனையைப் பிடித்துக்கொண்டு அவரைப் பார்த்தேன்.

"எழுதும்," என்றார்.

ஐயா போட்ட மதிப்பு இரஞ்சிதம் மாமி வீட்டைவிடக் கூட. அன்றைக்கு அம்மா பாயாசம் வைத்தார். ஐயா அதில் பாதியை விட்டுவிட்டார்.

பங்குனி முதல்கிழமை ஐயா அறிக்கையைக் கொடுக்கக் கடைசித்தரமாக வந்தார். கந்தோரில் கொடுத்துவிட்டு மத்தியானம் சாப்பிட எங்கள் வீட்டுக்கு வந்தார். வரமாட்டார் என்று நான் நினைத்திருந்தேன். அம்மா வாழையிலை போட்டுச் சோறு படைத்தார். ஐயா முதல் கவளம் எடுக்கும்போது படலை திறந்தது. வெள்ளைக் குடை. ஆழ்வாப்பிள்ளை.

"சாப்பிடுங்கோ, சாப்பிடுங்கோ. எழும்பாதேங்கோ ஐயா." அவர் மண்டபத்துக்குள் வந்து அப்பாவுக்குக் கிட்டக் கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு இருந்தார். அப்பாவும் அன்றைக்கு உள்ளே வந்து இருந்தார். ஆழ்வாப்பிள்ளையின் முகம் மலர்ந்திருந்தது. "பாலசிங்கம், கந்தோராலைதான் வாறன். பார்த்திட்டன். சொல்லி வேலையில்லை. கடை போச்சுது எண்டு சனம் என்னென்னவோ கதைச்சுது. நீ வீட்டை முடிச்சுப்போட்டுப் பேசாமல் இருந்திருக்கிறாய்."

அப்பா நிலத்தைப் பார்த்தபடி இருந்தார். அம்மா தேத்தண்ணீர் கொண்டுவந்து வைத்தார். 

"அப்ப எழுத்தை எப்ப வைப்பம் அண்ணை?" என்றார் அம்மா.

"வைப்பம், வைப்பம். அதுக்கு முதல் ஒரு கதை." ஆழ்வாப்பிள்ளை ஒரு மிடறு குடித்தார். "தில்லைநாதனுக்கு ஜேர்மனிக்குச் சரிவந்திட்டுது. வாற மாதம் போறான். போய்ப் பிள்ளையையும் எடுப்பான். அப்ப இவ்வளவு பெரிய வீட்டிலை ஆர் இருக்கிறது? பூட்டி வச்சு என்ன பிரயோசனம்? நாங்கள் வீடு கேட்கேல்லை தங்கச்சி. வீட்டை ஈடு வச்சுப் பெடியன்ரை பயணச் செலவைத் தாங்கோ. ஈடு பிடிக்க ஆளும் இருக்கு. கந்தோர் மதிப்புப்படி அவர் யோசியாமல் தருவார்."



"அவ்வளவு... வராது அண்ணை," என்றார் அம்மா.

"ஏன் வராது? ஓடிற்றர் எழுதியிருக்கிறார். ஐயாவே இதிலை இருக்கிறார்." அவர் ஐயாவின் பக்கம் திரும்பினார். மரியாதையாகத்தான் கேட்டார். "ஐயா, நாப்பது வருசம் அரசாங்கக் கணக்குப் பார்த்த நீங்கள் பிழையாய் எழுதமாட்டியள். சொல்லுங்கோ, உந்த மதிப்பு இந்த வீட்டுக்குப் பெறுந்தானே?"

ஐயாவின் கை சோற்றில் நின்றது. பால்கறி விரல்களில் காய்ந்துகொண்டிருந்தது. "நான் எழுதினது... வாடகைக் கணக்கு," என்றார்.

"ஓம். அப்ப வாடகைக்கு விட்டால் அவ்வளவு வரும்தானே?"

 ஓம் என்றால் நாங்கள் அந்தக் காசுக்கு எங்கே போகிறது? இல்லை என்றால் அம்மா பொய்க்காரி ஆவார், ஐயாவும் ஆவார். வெளியே காகம் கத்திக்கொண்டிருந்தது. அப்பாவின் வாய் ஒருதரம் திறந்து மூடியதைக் கண்டேன்.

அப்போது அக்கா குசினியிலிருந்து வந்தார். ஈரக்கையைச் சீலையில் துடைத்தபடி வந்தார். பேச்சு நடக்கிற வீட்டில் பெட்டை அப்படி வரக்கூடாது. நேரே அம்மாவிடம் போய், அம்மாவின் இடுப்பிலிருந்து திறப்பை உருவினார். அம்மா தடுக்கவில்லை.  அக்கா இரட்டைக் கதவைத் திறந்து இரண்டு பக்கமும் தள்ளிவிட்டார்.

மண்டப நிலம் முழுக்க வெயில் வந்து விழுந்தது. கூரை இல்லாத அறை முழுவதும் ஒடியல். நீளம் நீளமாகக் கிழித்த பனங்கிழங்கு பாயில் பரவிக் காய்ந்துகொண்டிருந்தது. ஆடும் நாயும் ஏற ஏலாத இடம் என்று அம்மா அதை அங்கேதான் போடுவார். வருடம் முழுக்க நாங்கள் சாப்பிடுகிற மா. மூலையில், சுவர் ஊறி வெடித்த இடத்தில், ஒரு பப்பாசி ஆளுயரத்துக்கு நின்றது.

"பாருங்கோ மாமா," என்றார் அக்கா. குரல் நடுங்கவில்லை. நாள் முழுக்கச் சுமந்த குடத்தை இறக்கி வைத்த மாதிரி இருந்தது.

ஆழ்வாப்பிள்ளை எழும்பி வந்து வாசற்படியில் நின்றார். அண்ணாந்து பார்த்தார். பிறகு குனிந்து ஒரு ஒடியலை எடுத்து முறித்துப் பார்த்தார்.

"நல்லாய்க் காய்ஞ்சிருக்கு," என்றார். திரும்பி ஐயாவைப் பார்த்தார். "நாலு அறை. முடிஞ்ச வீடு. என்ன ஐயா?"



ஆழ்வாப்பிள்ளை முறித்த துண்டைப் பாயிலேயே வைத்தார். அப்பாவின் தோளில் ஒருதரம் கையை வைத்து எடுத்தார். "சரி பாலசிங்கம். தங்கச்சி, போட்டு வாறன். பெடியனுக்குச் சொல்லுறன்," என்றார். அவன் வேறிடம் பார்க்கட்டும் என்று அதற்கு அர்த்தம். எங்கள் எல்லோருக்கும் விளங்கியது. அக்காவுக்கும்தான். அக்கா செருப்பில்லாத காலோடு அறைக்குள் போய், சூடேறிய சீமெந்தில் குந்தி, ஒடியலை ஒவ்வொன்றாகப் பிரட்டிப் போடத் தொடங்கினார். பிரட்டுகிற நேரம் இன்னும் ஆகவில்லை.

"ஐயா, சோறு ஆறுது," என்றார் அம்மா. யாரிடம் சொல்கிறோம் என்று தெரியாதவர் மாதிரிச் சொன்னார்.

ஐயா இலையை மடித்தார். சோறு அப்படியே உள்ளே இருந்தது. எழும்பிக் கிணற்றடிக்குப் போனார். வாளியை இழுத்துக் கை கழுவுகிற சத்தம் கன நேரம் கேட்டது. நான் துவாயோடு போய் நின்றேன். அவர் யன்னல் துவாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். உள்ளே அக்காவின் முதுகு தெரிந்தது. துவாயை வாங்கித் துடைத்துத் திருப்பித் தந்தார்.

மண்டபத்துக்குள் வந்து தோல் பையை எடுத்தார். குடையை எடுத்தார். போட்டு வாறன் என்று சொல்லாமல் எங்கள் பக்கத்தில் யாரும் ஒரு வீட்டை விட்டு இறங்கமாட்டார்கள், சண்டை பிடித்தவர்கள்கூட. அம்மா அதற்காகத் தூணடியில் காத்து நின்றார். ஐயா அம்மாவையும் அப்பாவையும் கடந்து படியிறங்கி, செருப்பைக் கொழுவினார். அதன் வார் பிய்ந்து போனது. குனிந்து அதைக் கையில் எடுத்துக்கொண்டார். ஒரு கால் செருப்போடும் ஒரு கால் வெறும் மணலிலுமாக முற்றத்தைக் கடந்து, படலையைத் திறந்து, திரும்பிப் பாராமல் சாத்திக்கொண்டு போனார்.